கடல் கடந்து வந்த ஆசிரியை: புளோரன்ஸ் பார் அம்மையார்

ஈழத்து இந்துக் கல்லூரிகளிற் பயின்றோர் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு பிறநாடு சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கும், பிற்பகுதியில் நைஜீரியா, சாம்பியா, எதியோப்பியா முதலிய ஆபிரிக்க நாடுகளுக்கும் அவர்கள் சென்றனர். சென்ற இடத்தில் உணவு வேறு, உடை வேறு, மாணவர் ஆசிரியரை வணங்கும் முறையும் வேறு. வகுப்பறையில் எதை நகைத்து விடலாம், எதைக் கண்டிக்க வேண்டும் என்பதைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இவ்வனுபவங்களைப் பழைய மாணவர் கூடும் இடங்களிலெல்லாம் நாம் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம்.

ஆயின், இதன் மறுதலையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டுக்கு வந்து, நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து, இம்மண்ணிலேயே மறைந்த அந்நிய ஆசிரியரும் உளர். நம் பழக்கவழக்கங்களும் அவர்களுக்கு அவ்வாறே புதியனவாய் இருந்திருக்கும் அன்றோ? விழா மலர் வெளிவரும் இந்த நல்வேளையில், அத்தகைய ஓர் அம்மையாரின் வாழ்வை நம் மாணவர் அறியச் சொல்லுதல் பொருத்தமென எண்ணுகின்றோம்.

கொலன்னாவைத் தொகுதியின் வடபுறத்தே களனியாறு ஓடுகின்றது. கல்யாணி என்பது அதன் பழம் பெயர். அது கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்திற் கடலோடு கலக்கின்றது. அவ்வாற்று நீரிலே 1917ஆம் ஆண்டில் ஆங்கிலப் பெண்மணி ஒருவரின் சாம்பல் கரைக்கப்பட்டது. கரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அப்பெண்மணியே யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் அமைந்த இராமநாதன் மகளிர் கல்லூரியின் தலைவியாய் விளங்கிய புளோரன்ஸ் பார் அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

புளோரன்ஸ் பார் 1860ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ற் மாகாணத்திலே பிறந்தார். தந்தையார் வைத்திய கலாநிதி வில்லியம் பார். பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு நாட்டின் சுகாதார நிலையைக் கணிக்கும் கலைக்கு அடிகோலியவர்களுள் அவர் ஒருவர். வாந்திபேதி நோய் தீய காற்றினாற் பரவுகின்றது என அவர் நெடுங்காலம் நம்பியிருந்தார். 1866ஆம் ஆண்டின் கொள்ளைநோயின்போது திரட்டிய கணக்குகள் நீரே காரணமெனக் காட்டின. உடனே தம் பழைய கொள்கையைக் கைவிட்டார். உண்மையென உணர்ந்ததன் பின் பழையதைப் பற்றி நிற்காத அவ்வியல்பை மகளும் பெற்றிருந்தார் என்பதை அவர் வாழ்வு காட்டும். தாதிமாரின் திலகமாகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தந்தையாரின் நண்பர். அவர் நினைவாகவே குழந்தைக்கும் அப்பெயர் இடப்பட்டது.

செல்ற்றனம் மகளிர் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் குவீன்ஸ் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். பெண்களுக்கு உயர்கல்வி அளிப்பது தகுமா தகாதா என்று இங்கிலாந்திலேயே அறிஞர் வாதிட்ட காலம் அது. பெண் கல்வி என்பது தானாக விளைவதன்று, போராடிப் பெறுவது என்பதை அவர் இளமையிலேயே கண்டிருந்தார்.

கலை வாழ்வு

கல்லூரியை விட்டபின் அவர் நாடகத் துறையிற் புகுந்தார். 1884இல் எட்வேட் எமரி என்னும் நடிகரை மணந்தார். அம்மணம் நிலைக்கவில்லை. 1888இல் கணவர் அமெரிக்கா சென்றவர் மீளவில்லை. 1895இல் மணமுறிவு நிகழ்ந்தது. அம்மையார் மறுமணம் செய்யாது தம் உழைப்பினாலேயே வாழ்ந்தார்.

நாடக உலகில் அவர் பெற்ற இடம் சிறிதன்று. இப்சனின் 'றொஸ்மர்ஸ்கோம்' நாடகம் 1891இல் முதன்முதல் ஆங்கில மேடையேறியபோது தலைமைப் பாத்திரம் ஏற்றவர் இவரே. பேர்னாட் ஷாவின் முதல் நாடகம் 1892இல் அரங்கேறியபோது அதன் கதாநாயகியாக நடித்தவரும் இவரே. 1894இல் இலண்டன் அவெனியு நாடகசாலையில் அவர் நடத்திய நாடகப் பருவத்திலேதான் யேற்ஸ் கவிஞரின் நாடகமொன்று முதன்முறை மேடை கண்டது. ஷாவின் 'ஆயுதங்களும் மனிதனும்' என்னும் நாடகமும் அங்கேயே அரங்கேறியது. பிற்காலத்தில் யேற்ஸ் 1923இலும் ஷா 1925இலும் நோபெல் பரிசு பெற்றனர். உலகம் அறியாதிருந்த காலத்திலே அவ்விருவருக்கும் மேடை அமைத்துக் கொடுத்தவர் இவ்வம்மையார்.

யேற்ஸ் கவிஞரோடு சேர்ந்து இவர் செய்த வேறொரு முயற்சி தமிழராகிய நமக்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. செய்யுளை வெறும் வசனம்போற் படித்தலும் தகாது, இசையிற் சொல்லை மூழ்கடித்தலும் தகாது என இருவரும் கருதினர். சால்ற்றரி என்னும் நரம்புக் கருவியை ஆணல்ட் டொல்மெற்ஷ் என்னும் கலைஞர் 1901இல் இவருக்கெனச் செய்து கொடுத்தார். அது நம் பழைய யாழை ஒருவாறு ஒத்தது. அதனை மீட்டிக்கொண்டே அம்மையார் கவிதைகளை ஓதினார். 1907இல் அமெரிக்காவிலும் பல ஊர்களில் ஓதிக் காட்டினார். 1909இல் இம்முறை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். தேவாரத்தைப் பண்ணோடு ஓதுங்கால் சொல்லின் பொருள் சிதையாது காக்கும் ஓதுவார் மரபு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. இலண்டன் மேடையிலே புதுமையெனக் கண்டு வியந்த ஒன்று, நம் கோயில்களிலே நாள்தோறும் நிகழ்வதாகும்.

அவர் எழுத்தாளரும் ஆவர். எகிப்தியரின் மறைஞானம் பற்றி 1896இல் ஒரு நூல் எழுதினார். 1910இல் அவர் எழுதிய நூல் புதுயுகப் பெண்ணின் நோக்கங்களைப் பற்றியது. பெண்கள் பொருள்வழியிலே பிறரை அண்டி நில்லாமை, மண வாழ்வின் நீதி என்பன அவர் உள்ளத்தை விட்டு நீங்காத பொருள்கள்.

ஞான நாட்டமும் இராமநாதன் தொடர்பும்

மேடைப் புகழ் அவர் உள்ளத்தை நிறைக்கவில்லை. 1890 முதல் ஒரு மறைஞானக் கழகத்தில் உறுப்பினராயிருந்து அதன் தலைமையையும் வகித்தார். அங்கே பிணக்குகள் மலிந்தபோது விலகிப் பிரமஞான சபையைச் சார்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இராமநாதன் அவர்களைச் சந்தித்தார்.

இராமநாதன் அவர்கள் 1851இற் கொழும்பிற் பிறந்தவர். இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரலாய் 1892 முதல் 1906 வரை பதவி வகித்தவர். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். மத்தேயு, யோவான் என்போரின் சுவிசேடங்களுக்குச் சைவ சித்தாந்த நோக்கிலே ஆங்கிலத்தில் உரை வகுத்தவரும் அவரே. தம் சொந்த மதத்தின் நூலை அந்நிய நாட்டார் ஒருவர் ஆழ்ந்து கற்று விளக்கியமை மேனாட்டார் பலரை அவர்பால் ஈர்த்தது. பின்னர் அவர் துணைவியாராகி லீலாவதி எனப் பெயர் பூண்ட ஹரிசன் அம்மையாரும் அவ்வாறு வந்த மாணவியே. பார் அம்மையாரும் அவர் மாணவியர் வரிசையிற் சேர்ந்தார்.

யாழ்ப்பாணம் வந்தமை

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலையை இங்குச் சிறிது கூறவேண்டும். 1824இல் அமெரிக்க மிசன் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவியது. பெண்கல்விக்கு வித்திட்ட அத்தொண்டை மறத்தல் நன்றியன்று. எனினும் அங்குக் கற்ற பெண்பிள்ளைகள் தம் முன்னோர் சமயத்தை விட்டு நீங்கும் நிலை சைவப் பெற்றோரை வருத்தியது. மகளைப் படிப்பித்தால் சமயம் போகும். சமயத்தைக் காத்தால் படிப்புப் போகும் என்று அவர்கள் தவித்தனர். பருவமடைந்த பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பாத வழக்கமும் அன்று வலியதாய் இருந்தது. இவ்விரு தடைகளையும் நீக்குவதற்கு வழி, சைவ ஒழுக்கம் தவறாத விடுதியோடு கூடிய உயர்தர மகளிர் கல்லூரி ஒன்றே என இராமநாதன் அவர்கள் துணிந்தார். தம் பெரும் பொருளைச் செலவிட்டு மருதனார்மடத்திலே கட்டடம் எழுப்பினார். 1913இற் கல்லூரி தொடங்கியது.

கட்டடம் எழுந்தது, தலைவியாய் இருக்கத் தக்கவர் யார்? உயர்கல்வி பெற்ற சைவப் பெண்மணி அக்காலத்து யாழ்ப்பாணத்திற் கிடைத்தற்கரியர். பார் அம்மையார் தம் உடைமைகளை விற்று 1912இற் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 52. சால்ற்றரியை யேற்ஸ் கவிஞரிடம் விட்டு வந்தார். யாழின் பெயர் கொண்ட ஊருக்கு வருபவர் தம் யாழைப் பிரிந்தே வந்தார்.

இரு உலகங்கள்

அம்மையார் கண்ட வேறுபாடுகள் எத்தகையன? வெயிலும், மரக்கறி உணவும், பாசை அறியாமையும் எவரும் எதிர்பார்க்கக் கூடியன. ஆழமான வேறுபாடுகள் பிற.

முதலாவது, அவர் ஒரு நடிகை. இலண்டனில் அது அறிவாளர் மதித்த கலை. நம் நாட்டிலோ குடும்பப் பெண் மேடையேறுவது அன்று நினைத்தற்கும் அரியது. கூத்திலும் நாடகத்திலும் பெண் வேடத்தை ஆண்களே தாங்கினர். இரண்டாவது, அவர் கணவரைப் பிரிந்து மணமுறிவு பெற்றவர். தமிழர் குடும்பங்களில் அத்தகையாருக்கு அன்று இருந்த இடத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய ஒருவரிடமே சைவக் குடும்பங்கள் தம் பெண்மக்களை ஒப்படைத்தன. இராமநாதன் அவர்களின் சொல்லில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அத்துணைப் பெரிது. அந்நம்பிக்கைக்குத் தக நடக்கும் பொறுப்பு அம்மையாரைச் சார்ந்தது.

மூன்றாவது வேறுபாடே மிகக் கடினமானது. பெண்ணின் விடுதலையைப் பற்றி நூல் எழுதியவர் அம்மையார். அவர் பணிபுரிந்த கல்லூரியின் நிறுவுநரோ பெண்கல்விக்கு வாரி வழங்கியவராயினும், குலம், குடும்பம், ஆசாரம் என்பவற்றிற் பழைமையைப் போற்றியவர். பிற்காலத்தில் டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையைப் பெண்களுக்கு விரிப்பதையும் எதிர்த்தவர். கல்வி வேண்டும், ஆயின் அக்கல்வி பெண்ணை மரபிலிருந்து பெயர்த்தல் கூடாது என்பது அவர் கொள்கை. கல்வி பெற்றவள் தன் வழியைத் தானே தெரிவாள் என்பது அம்மையாரின் நூல் உணர்த்துவது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு பொருந்தின?

இங்கேதான் அம்மையாரின் பெருமை விளங்குகின்றது. மேனாட்டு ஆசிரியர் பெரும்பாலோர் தாம் உண்மையெனக் கொண்டதைப் பிறர்க்கு வழங்கவே இங்கு வந்தனர். மாற்றுவது அவர் நோக்கம். பார் அம்மையாரோ மாணவியர் தம் சமயத்திலும் மொழியிலும் நிலைத்து நின்றே உயர்கல்வி பெறவேண்டும் என்ற நோக்கத்திற்குத் துணையாய் வந்தார். தமிழர் மரபுகளை அவர் மதித்த முறையும், கருமங்களை ஒழுங்குபடுத்தும் ஆற்றலும் இளங்கல்லூரியை நிலைபெறச் செய்தன எனப் பின்வந்தோர் போற்றுவர். நாடகசாலையைக் குறைந்த பொருளிலே நடத்தியவருக்கு விடுதியும் வகுப்புகளும் நடத்தும் திறன் புதிதன்று. இராமநாதன் அவர்கள் 1911 முதல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாய்ச் சட்டசபைக் கடமைகளில் ஈடுபட்டிருந்தார்; 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சிங்கள மக்களுக்காக வாதாட இங்கிலாந்துக்கும் சென்றார். கொழும்பு ஏறத்தாழ 250 மைல் தூரத்தில். நிறுவுநர் அடிக்கடி ஊரில் இல்லாத ஒரு கல்லூரியின் அன்றாட வாழ்வு, அங்கே உறைவோரின் கடமையுணர்விலேயே தங்கியிருந்தது.

கற்பிக்க வந்தவர் கற்கவும் தொடங்கினார். ஐம்பது வயதைக் கடந்தபின் தமிழ் எழுத்தை எழுதிப் பழகுதல் எளிதன்று. அம்மையார் தமிழ்ச் செய்யுள்களை ஆங்கிலத்திற் பெயர்த்து யேற்ஸ் கவிஞருக்கு அனுப்பினார். இலண்டனிலிருந்து அறிவைக் கொணர்ந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டனுக்கும் சிறிது அனுப்பினார். வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்வது ஒரு நிலை. அவற்றிலிருந்து கொள்ளத்தக்கதைக் கொள்வது அதனினும் உயர்ந்த நிலை.

நோயும் மறைவும்

1916இல் அம்மையாரைப் புற்றுநோய் பற்றியது. கொழும்பிலே அறுவைச் சிகிச்சை நடந்தது. முதல் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. கடல்வழி அபாயம் நிறைந்திருந்தது. உறவினரும் பழைய நண்பரும் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால். அந்நிலையிலும் அவர் உள்ளம் சோரவில்லை. யேற்ஸ் கவிஞருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், சிகிச்சையின் தழும்போடு கூடிய தம் உருவத்தையே நகைச்சுவையாக வரைந்து அனுப்பினார். நோய் உடலிற் பரவியிருந்தது. 1917ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆம் நாள், தமது 56ஆம் வயதில், கொழும்பு வைத்தியசாலையில் அம்மையார் உயிர்நீத்தார். அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. கிறித்தவ நாட்டிற் பிறந்தவர்க்குக் கல்லறை இல்லை. நம்மவர் முறைப்படி ஆற்றுநீரே அவருக்கு இறுதி இடமாயிற்று.

யேற்ஸ் கண்டதும் நாம் காண்பதும்

இறந்த நண்பரை நினைந்து 1920இல் யேற்ஸ் எழுதிய நெடும் பாட்டொன்றில் அம்மையாரையும் பாடியுள்ளார். முகத்தில் முதுமையின் கோடுகளைக் கண்டு, அழகு குன்றுவதை அறிந்தவர் காணாதிருக்க வேண்டுமென்று, கருநிற மக்களிடையே தொலைதூரப் பள்ளியொன்றிற் கற்பிக்கச் சென்றார் என்பது அவர் கருத்து. ஆன்மாவின் பயணத்தைப் பற்றி இந்திய ஞானி ஒருவரிடம் அவர் கற்றதையும் அப்பாட்டுக் குறிப்பிடுகின்றது. அன்பினாற் பிறந்த பாட்டு என்பதில் ஐயமில்லை. பாட்டின் சிறப்பை மதிப்பிடவும் நாம் முற்படவில்லை.

ஆயினும் அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. கவிஞர் நின்ற இடத்திலிருந்து நோக்கின், அம்மையார் மறைந்து போனார். மருதனார்மடத்திலிருந்து நோக்கின், அவர் வந்து சேர்ந்தார். இலண்டன் அறியாத இடமெல்லாம் எவரும் அறியாத இடமாகி விடாது. முதன்முறை புத்தகப் பெட்டியோடு வீட்டுப் படலையைத் தாண்டிய பெண்பிள்ளைக்கு அக்கல்லூரி உலகின் ஓரமன்று, உலகின் வாயில். தம் அழகை ஒளிக்க விரும்பிய ஒருவர் ஐம்பத்திரண்டாம் வயதிலே ஒரு கல்லூரியின் பொறுப்பை ஏற்கவேண்டிய தேவை இல்லை. ஒதுங்கி வாழ இங்கிலாந்திலேயே எத்தனையோ சிற்றூர்கள் உண்டு. அவர் தேடியது மறைவிடமன்று, பணியே என்று கொள்வதுதான் அவர் வாழ்வுக்கு இயைபுடையது.

கவிஞரைக் குறை கூறுமுன் நம்மையும் நாம் நோக்குதல் வேண்டும். இராமநாதன் அவர்களைப் போற்றுகின்றோம். 1953 வரை வாழ்ந்து கல்லூரியைக் காத்த லீலாவதி அம்மையாரையும் நினைக்கின்றோம். பார் அம்மையாரின் பெயரோ நம் வாயில் அருகியே வழங்குகின்றது. மேனாட்டார் எழுதிய நூல்களில் அவர் ஷாவின் தோழியாகவும் யேற்ஸின் தோழியாகவும் வாழ்கின்றார். யாழ்ப்பாண வாழ்வுக்கு அந்நூல்கள் ஒதுக்குவன சில பக்கங்களே. அப்பக்கங்களை நிரப்ப வேண்டியவர் நாம். பழைய மாணவியர் குடும்பங்களிற் கிடக்கும் கடிதங்களும் படங்களும் நினைவுகளும் அழிவதற்கு முன் திரட்டப்படல் வேண்டும்.

அம்மையார் பணிபுரிந்த மருதனார்மடத்திலே 1960இல் இராமநாதன் பெயரால் இசைக் கல்லூரி எழுந்தது. 1975 முதல் அது நுண்கலைக் கழகமாய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. இன்று அங்கே ஆடவரும் பெண்டிரும் வீணையும் பண்ணிசையும் ஆடலும் கற்று, அச்சமின்றி அரங்கேறுகின்றனர். நடிகையாயிருந்த பெண்ணொருவர் தலைவியாய் வந்தது எத்துணை வியப்பு அன்று! பெண் மேடையேறுவது எத்துணை இயல்பு இன்று! இடைப்பட்ட காலத்தில் நம் சமூகம் நடந்த தூரத்தை இது காட்டுகின்றது.

பிறநாடுகளிற் கற்பிக்கச் சென்ற பழைய மாணவருக்கும், இனிச் செல்லவிருக்கும் இளைஞருக்கும் அம்மையார் வாழ்வு ஒரு பாடம். தம் கொள்கையை விட்டொழித்தும் அவர் வரவில்லை. பிறர்மேற் சுமத்தவும் வரவில்லை. தமக்கு உடன்பாடாகாத வழக்கங்கள் நடுவிலும், பிள்ளைகளின் கல்வி என்ற ஒன்றிலே உடன்பட்டு உழைத்தார். அறியாததை அறியாதவர்போல் இருந்து கற்றார். கொலன்னாவையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் நம் மாணவர் களனிப் பாலத்தைக் கடக்குந்தோறும், அந்நீரிலே நமக்கு ஆசிரியையாய் இருந்த ஒருவரும் கலந்துள்ளார் என்பதை நினைப்பாராக.